பின்னணியில் என்கோடிங் ஓடினால் கணினி திணறுகிறது: பிரையாரிட்டியை எதற்கு ஏற்றுவது, எதற்கு இறக்குவது?

வெட்டுமேசை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நான் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 8 கோர், 16 த்ரெட் உள்ள பிராசசர், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. அதே மெஷினில் இன்னொரு டிரைவில் லினக்ஸும் இருக்கிறது. எடிட் முடிந்ததும் கோப்பை என்கோட் செய்ய (வீடியோவைச் சுருக்கி இறுதிக் கோப்பாக மாற்ற) போட்டுவிட்டால் மணிக்கணக்கில் ஓடும். அந்த நேரத்தைச் சும்மா விட மனமில்லாமல் அடுத்த வீடியோவுக்கு சப்டைட்டில் எழுதுவேன், பிரவுசரில் நாலைந்து டேப் திறந்திருக்கும், பின்னால் பாட்டும் ஓடும்.

பிரச்சினை என்னவென்றால், என்கோடிங் ஆரம்பித்த நொடியிலிருந்து நான் டைப் செய்யும் எழுத்து தாமதமாக வருகிறது, மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, பாட்டில் நடுநடுவே கரகரவென்று சத்தம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது. பிரையாரிட்டியில் (எந்த மென்பொருளுக்கு சிபியு முதலில் கிடைக்க வேண்டும் என்ற முன்னுரிமை நிலை) பிரவுசரை ஹையில் வை என்கிறார் ஒருவர், சப்டைட்டில் எடிட்டரை ரியல்டைமில் வை என்கிறார் இன்னொருவர். விவரம் தெரியாமல் கைவைக்க விருப்பமில்லை.

நான் பயன்படுத்தும் மென்பொருளை ஏற்ற வேண்டுமா, என்கோடரை இறக்க வேண்டுமா? இறக்கினால் என்கோடிங் எவ்வளவு தாமதமாகும்? மூடித் திறந்தால் பழையபடி நார்மலுக்கே போய்விடும் என்கிறார்களே, நிரந்தரமாக வைக்க வழி உண்டா? லினக்ஸில் மைனஸ் எண்ணெல்லாம் வருகிறதே, அது என்ன கணக்கு?

நிரல்நெய்தல்

என்கோடரை இறக்குங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

பிரையாரிட்டி என்பது வேகத்தைக் கூட்டும் விசை இல்லை. ஒரு கோர் காலியாக இருந்தால், லோவில் இருக்கும் பிராசசும் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள்) முழு வேகத்தில்தான் ஓடும். ஒரே கோருக்கு ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் (பிராசசுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழைகள்) போட்டி போடும்போது யாரை முதலில் விடுவது என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. உங்கள் சப்டைட்டில் எடிட்டருக்கும் பிரவுசருக்கும் தேவைப்படும் சிபியு மிகக் குறைவு. ஒரு எழுத்தை அடித்தால் சில மில்லிசெகண்டு வேலை, அப்புறம் அடுத்த எழுத்துக்காகக் காத்திருப்புதான். அந்தச் சில மில்லிசெகண்டு உடனே கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. என்கோடரோ கிடைக்கிற எல்லா த்ரெட்டையும் நிறுத்தாமல் தின்னும். ஆக, ஒதுங்கி வழிவிட வேண்டியது அதுதான்.

விண்டோஸில் உள்ளே 0 முதல் 31 வரை 32 நிலைகள் உண்டு. நாம் டாஸ்க் மேனேஜரில் பார்க்கும் பெயர்கள் அதில் சில புள்ளிகள்: லோ என்றால் 4, பிலோ நார்மல் 6, நார்மல் 8, அபவ் நார்மல் 10, ஹை 13, ரியல்டைம் 24. 1 முதல் 15 வரை உள்ள நிலைகளில் சிஸ்டமே சூழ்நிலையைப் பார்த்துத் தற்காலிகமாக ஏற்றி இறக்கும். 16இலிருந்து மேலே போனால் அந்த அனுசரிப்பு கிடையாது, வைத்தது வைத்தபடி நிற்கும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, விண்டோஸின் விதி கறாரானது. 8இல் ஒரு த்ரெட் ஓடத் தயாராக இருந்தால் 6இல் இருப்பது அந்தக் கோரில் ஓடாது. 8க்கு இவ்வளவு பங்கு, 6க்கு இவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுப்பதில்லை. அதனால் என்கோடரை பிலோ நார்மலுக்கு இறக்கினாலே போதும், நீங்கள் ஒரு விசையை அழுத்தியதும் என்கோடரின் த்ரெட் விலகும், உங்கள் எடிட்டர் தன் வேலையை முடிக்கும், அப்புறம் என்கோடர் தொடரும். நீங்கள் டைப் செய்வதும் பிரவுசிங் செய்வதும் மொத்த சிபியுவில் சொற்பம் என்பதால், என்கோடிங் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. அதே நேரத்தில் நார்மலில் இன்னொரு கனமான வேலையை, உதாரணமாக எல்லாக் கோரையும் பிடிக்கும் ஒரு 3டி ரெண்டரைத் தொடங்கினால், பிலோ நார்மலில் இருக்கும் என்கோடர் கிட்டத்தட்ட நின்றே போகும். முழுக்கப் பட்டினி கிடக்காமல் இருக்க விண்டோஸ் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது: சுமார் 4 நொடி ஓட வாய்ப்பே கிடைக்காமல் காத்திருக்கும் த்ரெட்டைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரத்துக்கு 15ஆம் நிலைக்குத் தூக்கிவிடும். அது உயிர் போகாமல் பார்த்துக்கொள்ளும், வேலை முடிய உதவாது. எனவே இரண்டு கனமான வேலைகளை ஒன்றாக ஓட்டும்போது இரண்டையும் பிலோ நார்மலில் வையுங்கள்.

ரியல்டைம் பக்கம் போகவே வேண்டாம். பெயரைப் பார்த்து ‘உடனுக்குடன்’ என்று நினைத்துவிடுகிறார்கள். 24இல் ஒரு பிராசஸ் நிறுத்தாமல் ஓடினால் மவுஸ் நகர்வது, டிஸ்க் கேஷ் எழுதப்படுவது முதலான சிஸ்டத்தின் சொந்த வேலைகளே தடைபடும். மைக்ரோசாஃப்ட் தன் டெவலப்பர் ஆவணத்திலேயே இதை எச்சரித்திருக்கிறது. நிர்வாகி உரிமை இல்லாமல் டாஸ்க் மேனேஜரில் ரியல்டைமைத் தேர்ந்தெடுத்தால் சத்தமில்லாமல் ஹையில்தான் வைக்கும், அதனால் ‘நான் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்களை நம்பி இறங்காதீர்கள்.

பழையபலகை

செய்யும் வழியைச் சேர்த்துவிடுகிறேன். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போக வேண்டும், முதல் பக்கத்தில் இந்த வசதி இருக்காது. என்கோடரின் பெயர்மேல் ரைட் கிளிக், செட் பிரையாரிட்டி, பிலோ நார்மல். ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: பல வீடியோ மென்பொருள்களில் நீங்கள் பார்க்கும் ஜன்னல் வேறு, உண்மையில் உழைக்கும் பிராசஸ் வேறு. ஜன்னல் 1 சதவீதம் காட்டும், எஃப்எஃப்எம்பெக் (என்கோட் செய்யும் ஒரு கட்டளை நிரல்) மாதிரி தனியாக ஒன்று 95 சதவீதம் காட்டும். சிபியு நெடுவரிசையை அழுத்தி வரிசைப்படுத்திவிட்டு, மேலே எது நிற்கிறதோ அதை இறக்குங்கள்.

நிரந்தரமாக வைப்பது பற்றி. அந்த அமைப்பு பிராசசோடு பிறந்து பிராசசோடு போய்விடும், உண்மைதான். எளிய வழி, கமாண்ட் விண்டோவிலோ பேட்ச் கோப்பிலோ ஸ்டார்ட் கட்டளையோடு தொடங்குவது. ஸ்டார்ட், அடுத்து ஒரு சாய்கோடு போட்டு பிலோநார்மல் என்று இடைவெளி இல்லாமல், அடுத்து மென்பொருளின் பாதை. பாதையில் இடைவெளி இருந்து மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால், ஸ்டார்ட் அந்த முதல் மேற்கோளை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் மென்பொருள் திறக்காமல் ஒரு வெற்றுக் கருப்பு ஜன்னல்தான் வரும். அதனால் ஸ்டார்ட்டுக்கு அடுத்து முதலில் ஒரு காலி மேற்கோள் ஜோடி, அப்புறம் மற்றதெல்லாம்.

இந்த வழியில் ஒரு வசதி, பிலோ நார்மலில் அல்லது லோவில் இருக்கும் பிராசஸ் தொடங்கும் குட்டிப் பிராசஸ்களும் (அவை தாமாக வேறு நிலை கேட்காதவரை) அதே நிலையில்தான் பிறக்கும். ஆக, வெளி ஜன்னலை பிலோ நார்மலில் திறந்தால் உள்ளே அது அழைக்கும் எஃப்எஃப்எம்பெக்கும் தானாகவே பிலோ நார்மல். ஹைக்கு இப்படி வாரிசுரிமை கிடையாது, ஹையில் இருக்கும் பிராசஸ் பெற்றது நார்மலில்தான் வரும்.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வழியும் உண்டு. லோக்கல் மெஷின் பிரிவில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், அதற்குள் இமேஜ் ஃபைல் எக்ஸிகியூஷன் ஆப்ஷன்ஸ். அங்கே மென்பொருளின் கோப்புப் பெயரிலேயே ஒரு கீ, அதற்குள் பெர்ஃப்ஆப்ஷன்ஸ் என்று ஒரு கீ, அதில் சிபியுபிரையாரிட்டிகிளாஸ் என்ற டிவேர்ட் (எண் மதிப்பு). மதிப்பு 5 என்றால் பிலோ நார்மல், 1 என்றால் லோ, 2 நார்மல், 6 அபவ் நார்மல், 3 ஹை. எண்கள் வரிசையாக இல்லை என்பதால் ஊகித்துப் போடாதீர்கள். இது அந்தப் பெயருள்ள எல்லாக் கோப்புக்கும் பொருந்தும், எங்கிருந்து திறந்தாலும். என் அபிப்பிராயத்தில் ரெஜிஸ்ட்ரியைக் கடைசி வழியாக வையுங்கள், சில மாதம் கழித்து ஏன் இது மெதுவாக ஓடுகிறது என்று தேடும்போது அங்கே போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அதற்கு முன், உங்கள் என்கோடரின் செட்டிங்ஸிலேயே பார்த்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போன்ற என்கோடர்களில் பிரையாரிட்டி தேர்வு உள்ளேயே இருக்கிறது.

கருந்திரை

லினக்ஸ் கணக்கை நான் சொல்கிறேன். அங்கே எண்ணின் பெயர் நைஸ் மதிப்பு, மைனஸ் 20 முதல் பிளஸ் 19 வரை. எண் கூடக்கூட அந்தப் பிராசஸ் மற்றவர்களுக்கு அதிகம் விட்டுக்கொடுக்கும், அதாவது முன்னுரிமை குறையும். தொடக்கத்தில் எல்லாம் 0. சாதாரண யூசர் தன் பிராசசின் எண்ணைக் கூட்டலாம், குறைக்க முடியாது. 10க்குக் கொண்டுபோனதை மறுபடி 0க்குக் கொண்டுவரவே ரூட் (நிர்வாகி) உரிமை கேட்கும், பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) இதுதான் நிலை.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு இங்கே அடிப்படை வித்தியாசம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லினக்ஸில் சாதாரண பிராசஸ்களுக்குள் கறாரான முந்துரிமை இல்லை, பங்குதான். அந்தப் பங்கை எடை என்ற எண் தீர்மானிக்கிறது, நைஸ் 0க்கு எடை 1024. ஒவ்வொரு படியும் சுமார் 1.25 மடங்கு வித்தியாசம். நைஸ் 5க்கு 335, 10க்கு 110, 19க்கு 15. ஒரே கோரில் நைஸ் 0 ஒன்றும் நைஸ் 10 ஒன்றும் முழு வீச்சில் போட்டி போட்டால் 1024க்கு 110 என்ற விகிதத்தில் பிரியும், அதாவது ஏறக்குறைய 90க்கு 10. நைஸ் 19 என்றால் 98.5க்கு 1.5. யாரும் முழுப் பட்டினி கிடப்பதில்லை. 2007இல் 2.6.23 கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலரின் (சிபியுவை யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கும் பகுதி) இடத்துக்கு 2023இல் 6.6 கர்னலில் இஇவிடிஎஃப் என்ற ஷெட்யூலர் வந்தது, ஆனால் இந்த எடைப் பட்டியல் அப்படியே தொடர்கிறது.

கட்டளையில் ஒரு சிக்கல். நைஸ் என்று அடித்து ஒரு கோடு போட்டு ஒட்டினாற்போல் 10 என்று அடித்தால், அந்தக் கோடு கழித்தல் குறி இல்லை, ஆப்ஷனுக்கான கோடு. பிளஸ் 10தான் கிடைக்கும். எண்ணே கொடுக்காமல் நைஸ் என்று மட்டும் போட்டு மென்பொருளின் பெயரை அடித்தாலும் 10தான். ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற ரீநைஸ்.

இனிச் சொல்லப்போவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நைஸ் 19 வைத்தும் பயனில்லை என்று புலம்புபவர்களில் நிறைய பேரின் பிரச்சினை இதுதான். டெஸ்க்டாப் கர்னல்களில் ஆட்டோகுரூப் என்று ஒன்று பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும், 2.6.38இல் வந்தது. அது ஒவ்வொரு டெர்மினல் செஷனையும் ஒரு குழுவாக்கி, குழுக்களுக்கு இடையே சமமாகப் பங்கு போடும். நைஸ் எண் அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு டெர்மினலில் வெறுமனே சுற்றும் இரண்டு லூப்களை டாஸ்க்செட் கட்டளை கொண்டு ஒரே கோரில் கட்டிவிட்டு, ஒன்றுக்கு நைஸ் 10 கொடுங்கள், சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் 90க்கு 10 என்று தெரியும். அதே இரண்டை வெவ்வேறு டெர்மினல் ஜன்னல்களிலிருந்து தொடங்குங்கள், ஆட்டோகுரூப் செயலில் இருந்தால் 50க்கு 50 வந்து நிற்கும், நைஸ் நெடுவரிசையில் 10 என்று காட்டிக்கொண்டே.

காரணம் ஆட்டோகுரூப் என்றால், என்கோடிங் தொடங்கும் டெர்மினலில் பிராக் அடைவுக்குள் செல்ஃப், அதற்குள் ஆட்டோகுரூப் என்ற கோப்பில் 10 என்று எழுதிவிட்டால் அந்தக் குழுவுக்கே நைஸ் 10 ஆகும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் பகுதி) சிகுரூப்களை (கர்னல் அமைக்கும் பிராசஸ் குழுக்கள்) வைத்து சிபியுவைப் பிரிக்கும் டிஸ்ட்ரோ என்றால் சிஸ்டம்டி-ரன் கொண்டு யூசர் ஸ்கோப்பில் தொடங்கி, சிபியுவெயிட்டை 20 என்று கொடுங்கள். அதன் இயல்பு மதிப்பு 100, வரம்பு 1 முதல் 10000 வரை. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், குட்டிப் பிராசஸ்கள் எத்தனை பிறந்தாலும் மொத்தமும் அந்த ஒரே எடைக்குள் அடங்கிவிடும்.

ஒலிவாசல்

பாட்டு கரகரப்பது பற்றி யாரும் பேசவில்லை, அது என் துறை என்பதால் எழுதுகிறேன். இதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு.

விண்டோஸில் ஒலி இயந்திரம் வழக்கமாக 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடுத்த துண்டை எதிர்பார்க்கும். அந்த இயந்திரத்தின் த்ரெட்களை விஸ்டாவிலிருந்தே ஒரு தனி மல்டிமீடியா சேவை கவனித்துக்கொள்கிறது. புரோ ஆடியோ என்று பதிவு செய்துகொண்ட த்ரெட்களை அது 23 முதல் 26 வரையுள்ள நிலைகளுக்குத் தானாகவே தூக்கிவைக்கும், அதே நேரம் மற்றவர்களுக்கும் கொஞ்சம் சிபியு மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒலி மென்பொருளின் பிராசசை நீங்கள் கையால் ஹையில் வைப்பதால் அந்தத் த்ரெட்களுக்கு ஒன்றும் கூடுவதில்லை. மெல்ல நடப்பது எதுவென்றால், பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் பிளேயர் அல்லது பிரவுசரின் சாதாரண த்ரெட்கள். என்கோடர் நார்மலில் இருக்கும்போது அவையும் 8, என்கோடரின் 16 த்ரெட்களும் 8, வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. என்கோடரை 6க்கு இறக்கினால் இந்த வகைக் கரகரப்பு நின்றுவிடும்.

இறக்கிய பிறகும் நிற்கவில்லை என்றால் சந்தேகம் டிரைவர்மேல். நெட்வொர்க் கார்டு, கிராபிக்ஸ் கார்டு டிரைவர்கள் இன்டரப்ட்டை (வன்பொருள் ‘உடனே கவனி’ என்று அனுப்பும் அழைப்பை) கவனிக்கும் வேலை எல்லாத் த்ரெட்டுக்கும் மேலே நடக்கும், 31ஆம் நிலையில் இருந்தாலும் அதற்குக் கீழேதான். அங்கே ஒரு டிரைவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டால் எந்தப் பிரையாரிட்டியும் உதவாது. லேட்டன்சிமான் என்ற கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். ரெக்கார்டிங் செய்பவர் என்றால் பஃபர் (ஒலித் துண்டுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) அளவைக் கூட்டுவதும் உண்டு, பாட்டு கேட்பவருக்கு அது தேவையில்லை.

வெட்டுமேசை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எஃப்எஃப்எம்பெக்கை பிலோ நார்மலுக்கு இறக்கினேன். டைப் செய்வது உடனே சரியாகிவிட்டது, சிபியு இன்னும் 100 சதவீதத்தில்தான் நிற்கிறது, ஆனால் எழுத்து தாமதமில்லாமல் வருகிறது. பாட்டும் சுத்தமாக ஓடுகிறது. என்கோடிங் நேரமும் சொல்லும்படி கூடவில்லை.

ஆனால் ஒன்று மிச்சம். பிரவுசரில் கொஞ்ச நேரம் தொடாமல் விட்ட டேபுக்குப் போனால் அது விழித்துக்கொள்ள சில நொடிகள் ஆகின்றன. கோப்புகள் உள்ள ஃபோல்டரைத் திறந்தாலும் அப்படித்தான். என்கோடரை லோ வரை இறக்கிப் பார்க்கலாமா? டாஸ்க் மேனேஜரில் எஃபிஷியன்சி மோட் என்று இலைக் குறியோடு ஒன்று இருக்கிறதே, அதையும் போடலாமா?

நிரல்நெய்தல்

நீங்கள் சொல்லும் அறிகுறி சிபியு சம்பந்தப்பட்டதாகவே தெரியவில்லை. தொடாமல் விட்ட டேப் எழுந்திருக்க நேரமாகிறது என்றால் முதலில் நினைவகத்தைப் பாருங்கள். 16 ஜிபியில் பெரிய ரெசல்யூஷன் வீடியோவை என்கோட் செய்யும்போது அது கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும், விண்டோஸ் உங்கள் பிரவுசரின் பயன்படுத்தாத பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். நீங்கள் அந்த டேபுக்குத் திரும்பும்போது டிஸ்க்கிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் ஹார்டு ஃபால்ட்ஸ் நெடுவரிசையைக் கவனித்தபடி அந்த டேபை அழுத்துங்கள். பிரவுசரின் வரிசையில் எண் எகிறினால் காரணம் அதுதான். லோவுக்கு இறக்கினாலும் பிடித்த நினைவகத்தை என்கோடர் விடப்போவதில்லை. அதன் த்ரெட் எண்ணிக்கையைக் குறைத்தால் பல என்கோடர்கள் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும் ஃபிரேம்களும் குறையும், ரேமும் குறையும். இல்லாவிட்டால் ரேமைக் கூட்டுவதுதான் வழி.

ஃபோல்டர் திறக்கத் தாமதம் என்பது டிஸ்க்காகவும் இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் நீங்கள் வைக்கும் பிரையாரிட்டி சிபியுவுக்கு மட்டும், டிஸ்க் வரிசையில் என்கோடரின் கோரிக்கைகள் வழக்கமான நிலையில்தான் போகும். மூல வீடியோவும் வெளியீடும் விண்டோஸ் இருக்கும் அதே டிரைவில் இருந்தால், வெளியீட்டை மட்டுமாவது வேறு டிரைவுக்கு மாற்றிப் பாருங்கள்.

எஃபிஷியன்சி மோட் வேண்டாம், இந்த வேலைக்கு. அது பிரையாரிட்டியை லோவுக்கு இறக்குவதோடு நிற்காமல், மின்சாரத்தை மிச்சப்படுத்து என்றும் பிராசசருக்குச் சொல்லும். பெரிய கோர், சின்ன கோர் கலந்த பிராசசர்களில் வேலையைச் சின்ன கோர் பக்கம் தள்ளும், கிளாக் வேகத்தையும் குறைக்கும். நீங்கள் கணினியை விட்டுப் போன பிறகும், கோரெல்லாம் காலியாக இருந்தாலும், என்கோடிங் ஊர்ந்துகொண்டே இருக்கும். பிலோ நார்மலில் அந்த நஷ்டம் இல்லை. ஏதோ ஒரு அப்டேட்டர் பின்னால் மெதுவாக ஓடினால் போதும் என்ற மாதிரி வேலைக்குத்தான் அந்த இலை.

கருந்திரை

லோ வரை போவதை நானும் பரிந்துரைக்க மாட்டேன், வேறொரு காரணத்துக்காக. தாழ்ந்த நிலையில் இருக்கும் பிராசஸ் ஒரு பூட்டை (ஒரு பொது வளத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும்படி காக்கும் ஏற்பாடு) பிடித்துக்கொண்டு, அதை விடுவதற்குத் தேவையான சிபியு கிடைக்காமல் காத்திருந்தால், அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் உயர்ந்த நிலை பிராசசும் சேர்ந்து நிற்கும். நடுவில் உள்ளவர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி அடிக்கடி தானாக ரீசெட் ஆனது இதனால்தான். வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த நிலை டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருக்க, தகவல் பஸ்ஸை (பாகங்களுக்கு இடையே தரவு செல்லும் வழி) கவனிக்கும் உயர்ந்த நிலை டாஸ்க் அதற்காகக் காத்திருக்க, நடுநிலை டாஸ்க்குகள் சிபியுவைப் பிடித்துக்கொண்டன. குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை என்று கண்காணிப்பு டைமர் கணினியை ரீசெட் செய்தது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் பிரையாரிட்டியைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கும் ஒரு அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள்.

டெஸ்க்டாப்பில் விளைவு இவ்வளவு கடுமையாக இருக்காது, விண்டோஸில் அந்த 4 நொடி மீட்பு இருக்கிறது. ஆனால் எப்போதாவது ஒரு ஜன்னல் காரணமில்லாமல் சில நொடிகள் உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேவைக்குமேல் ஆழமாக இறக்க இறக்க இந்த வாய்ப்பு கூடும். நார்மலுக்கு ஒரு படி கீழே இருந்தாலே டைப் செய்வது சரியாகிவிட்டது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

லினக்ஸில் டிஸ்க் பக்கத்துக்கு அயோநைஸ் என்று தனியே உண்டு. ஆனால் டிரைவின் ஐஓ ஷெட்யூலர் (டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பகுதி) பிஎஃப்கியூ மாதிரி அதை மதிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவ்களுக்குப் பல டிஸ்ட்ரோக்களில் ஷெட்யூலரே இல்லை என்ற அமைப்புதான் இயல்பாக இருக்கும், அங்கே அயோநைஸ் பிழை எதுவும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், விளைவு எதுவும் இருக்காது.

வெட்டுமேசை

ரிசோர்ஸ் மானிட்டரில் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே சரி. டேபை அழுத்திய கணத்தில் பிரவுசரின் ஹார்டு ஃபால்ட்ஸ் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கியது. என்கோடரின் த்ரெட்டை 12 ஆகக் குறைத்ததில் கொஞ்சம் பரவாயில்லை. ரேமைக் கூட்டத்தான் வேண்டும் போல. பேட்ச் கோப்பும் போட்டுவிட்டேன், காலி மேற்கோள் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் அங்கேயே நின்றிருப்பேன். கடைசியாக ஒன்று: பேட்ச் கோப்பு வழியாகத் திறந்தது உண்மையிலேயே பிலோ நார்மலில்தான் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்யாமல் பார்க்க முடியுமா?

பழையபலகை

முடியும். டீடெய்ல்ஸ் பக்கத்தில் நெடுவரிசைத் தலைப்புமேல் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் போய், பேஸ் பிரையாரிட்டி என்பதை டிக் செய்யுங்கள். எல்லாப் பிராசசுக்கும் நிலை எதிரிலேயே தெரியும். எஃப்எஃப்எம்பெக் எதிரே பிலோ நார்மல் என்று இருக்க வேண்டும். அந்த நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறு சிலதும் நார்மலுக்கு மேலே இருப்பது தெரியவரும். டெஸ்க்டாப் ஜன்னல்களை வரையும் டிடபிள்யூஎம் ஹையில் இருக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும், இறக்கிவிடாதீர்கள்.